ஓராண்டு என்றால் எத்தனை ஆண்டு?



தொழிலாளர் வழக்குகளிலேயே என் காலம் போயிற்று. பணிநீக்கம், சம்பள பாக்கி, நிலையாணை என்று ஒப்பந்தத் தாள்களைப் புரட்டிப் புரட்டி ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. யார் எந்த ஒப்பந்தத்தை நீட்டினாலும் முதல் பக்கத்தில் ஆரம்பிக்க மாட்டேன். சம்பளம், வேலை நேரம் எல்லாம் அங்கே பெரிய எழுத்தில் இருக்கும். ஆளைக் கட்டிப்போடும் வரி பின்னால் எங்கேயோ, யாரும் நின்று படிக்காத இடத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் தேடுவேன்.

இன்று உங்களிடம் பேச வந்திருப்பது அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி. 1970 முதல் 1979 வரை உள்ள பத்தாண்டு. அந்தப் பத்தாண்டில் பெரிய பெரிய ஆட்டங்கள் நடந்தன, பெரிய சாதனைகள் முறிந்தன. ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது ஆட்டக்காரர்களின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே ஒரு வரி. 10-அ பிரிவு என்று அதற்குப் பெயர். அந்த வரியில் வரும் ‘ஓராண்டு’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதற்காக ஆறு வருடம் சண்டை நடந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். நம் பௌலர் இருக்கும் இடத்தில் பிட்சர். பந்தைத் தரையில் குத்தாமல் நேராக எறிவார். மட்டை உருளையாக இருக்கும். அடித்தவர் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அடித்துவிட்டு ஒரு முனையையாவது பத்திரமாகச் சேர்ந்தால் ஹிட். வேலிக்கு அப்பால் அடித்தால் ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரி. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரைக்கும் ஒவ்வொரு டீமும் 162 ஆட்டம் ஆடும். அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடர். இவ்வளவு போதும்.

இப்போது அந்த வரிக்கு வருவோம். ஆட்டக்காரருக்கும் டீம் முதலாளிக்கும் சம்பளத்தில் உடன்பாடு வரவில்லை என்றால், பழைய ஒப்பந்தத்தை முதலாளி ஓராண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். வரி சொல்வது இவ்வளவுதான். படித்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் முதலாளிகள் அதற்கு ஒரு பொருள் சொன்னார்கள்: புதுப்பித்த ஒப்பந்தத்திலும் இதே வரி இருக்கிறது, ஆகவே அடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம், அதற்கடுத்த ஆண்டும் புதுப்பிக்கலாம். கந்துவட்டி மாதிரி அந்த வரி குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. 18 வயதில் கையெழுத்துப் போட்ட பையன் ஆட்டத்தை விடும்வரை அந்த டீமுக்குச் சொந்தம். டீம் அவனை இன்னொரு டீமுக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அனுப்பிவிடலாம். அவன் மட்டும் எங்கேயும் போக முடியாது. ரிசர்வ் பிரிவு என்று சொல்லப்பட்ட இந்த ஏற்பாட்டின் வேர் 1879-ல் இருக்கிறது. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல, ஆகவே ஏகபோக ஒழிப்புச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ரயிலேறி ஊர் ஊராகப் போய்க் காசு வாங்கி ஆடுகிற ஆட்டம் வணிகம் இல்லையாம். அந்தத் தீர்ப்பு ஐம்பது வருடம் கழித்தும் அசையாமல் நின்றது.

கர்ட் ஃப்ளட் என்று ஒரு கறுப்பின ஆட்டக்காரர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமில் 12 ஆண்டு. சிறந்த ஃபீல்டருக்குத் தங்கக் கையுறை விருது கொடுப்பார்கள். 1963 முதல் 1969 வரை தொடர்ந்து ஏழு ஆண்டு அதை வாங்கியவர். அவர் இருந்தபோது அந்த டீம் இரண்டு முறை வேர்ல்ட் சீரிஸை வென்றது. 1969 அக்டோபரில் ஒரு நாள், விடியும் முன்பே போன் மணி அடிக்கிறது. டீம் அலுவலகத்தில் இருக்கும் கீழ்நிலை அதிகாரி ஒருவர் பேசுகிறார். உங்களை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியாகிவிட்டது என்கிறார். அவ்வளவுதான். முதலாளி பேசவில்லை. பிறகு ஓர் அச்சடித்த படிவம் வந்தது.

யாருக்குப் பதிலாக இவரை அனுப்பினார்கள் தெரியுமா? ஃபிலடெல்ஃபியாவில் டிக் ஆலன் என்று ஒரு கறுப்பின நட்சத்திரம். சொந்த ஊர் ரசிகர்களே அவர்மேல் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்ததால், ஃபீல்டிங் செய்யும்போதும் தலையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்ற மனிதர். அந்த ஊருக்குத்தான் ஃப்ளட் போக வேண்டும் என்றார்கள்.

ஃப்ளட்டுக்கு இது புதிதல்ல. 1950-களில், பதினெட்டு பத்தொன்பது வயதில், தெற்கு மாநிலங்களின் சிறிய லீக்குகளில் ஆடிய காலத்தைப் பற்றி அவர் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வியர்வையில் ஊறிய சீருடையைக் கழற்றி ஒரே குவியலாகப் போடுகிறார்கள், துவைத்து வர. இவரும் போடுகிறார். உடனே ஒரு கத்தல். உதவியாளர் ஒரு நீளமான குச்சியை எடுத்துவந்து, இவருடைய சீருடையை மட்டும் குச்சி நுனியால் தூக்கித் தனியே எடுக்கிறார். கறுப்பர்களுக்குத் துவைக்கிற கடைக்கு அது தனியாகப் போகிறது. மற்றவர்களுடைய சீருடை வந்துவிட்டது; அவர்கள் உடுத்திக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். உடுத்த ஒன்றுமில்லாமல் அந்தப் பையன் அறையில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அடுத்த ஆட்டம் தொடங்கும் சத்தம் வெளியே கேட்கிறது.

அந்தப் பையன்தான் 31 வயதில், ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கும்போது, போக மாட்டேன் என்று சொன்னவர்.

ஆட்டக்காரர் சங்கத்துக்கு அப்போது தலைமை நிர்வாகி மார்வின் மில்லர். எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார நிபுணராக இருந்தவர். 1966-ல் அவர் வந்தபோது சங்கத்தின் சொத்து 5,400 டாலரும் ஒரு கோப்பு அலமாரியும்தான். மில்லர் ஃப்ளட்டிடம் எதையும் மறைக்கவில்லை. இந்த வழக்கில் ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஜெயித்தாலும் உங்களுக்கு நஷ்டஈடு கிடைக்காது, ஆட்டம் போய்விடும், பின்னால் பயிற்சியாளர் வேலைக்குக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார். மற்ற ஆட்டக்காரர்களுக்கு இதனால் நன்மை உண்டா என்று ஃப்ளட் கேட்டார். உண்டு, இனி வரப்போகிறவர்களுக்கும் உண்டு என்றார் மில்லர். அப்படியானால் எனக்கு அது போதும் என்றார் ஃப்ளட்.

நாற்பது ஆண்டில் என் மேசைக்கு எதிரே எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வழக்கு தோற்கும் என்று நானே சொன்ன பிறகும் போடுங்கள் என்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடுவேன். அதனால்தான் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறேன்.

1969 டிசம்பர் 24. பேஸ்பால் கமிஷனர் போவி கூனுக்கு ஃப்ளட் ஒரு கடிதம் எழுதினார். சின்னக் கடிதம். பன்னிரண்டு ஆண்டு ஆடியபின், தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு பொருள் என்று தனக்குத் தோன்றவில்லை; மற்ற டீம்களும் தன்னை அழைக்க உரிமை வேண்டும் என்று கேட்டார். கமிஷனர் முடியாது என்றார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று.

இத்தனை சம்பளம் வாங்கும் ஆளுக்கு என்ன குறை என்று பத்திரிகைகள் கேட்டன, ரசிகர்கள் கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்குகிற அடிமையும் அடிமைதான் என்று தொலைக்காட்சிப் பேட்டியில் பதில் சொன்னார் ஃப்ளட். கொடுமையான அடிமை முறையை இதனோடு ஒப்பிடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தச் சீருடையும் குச்சியும் நினைவுக்கு வந்ததும், அந்தச் சொல்லை எடுக்க அவருக்கு இருந்த உரிமையை அளக்க நான் யார் என்று விட்டுவிட்டேன்.

1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை. அவருக்காகச் சாட்சி சொல்ல ஜாக்கி ராபின்சன் வந்தார். 1947-ல் பெரிய லீக்குகளின் நிறத்தடையை உடைத்து உள்ளே நுழைந்த அதே ராபின்சன். இப்போது தலை முழுக்க வெளுத்து, சர்க்கரை நோயில் கண் மங்கி, 51 வயதிலேயே கிழவராகியிருந்தார். யூதர் என்பதற்காக ஒரு காலத்தில் மைதானத்தில் வசை வாங்கிய ஹேங்க் கிரீன்பெர்க் வந்தார். எல்லோரும் ஆட்டத்தை விட்டவர்கள். அன்று ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட அந்த நீதிமன்றத்துக்குள் வரவில்லை. பின் வரிசையில் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகக்கூட ஆள் இல்லை. வழக்குச் செலவைச் சங்கம் ஏற்றது உண்மைதான். ஆனாலும் யாருக்காக அந்த மனிதர் ஒரு சீசனை இழந்து நின்றாரோ அவர்களுடைய முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. இதை என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

1970 முழுக்க அவர் ஆடவில்லை. 1971-ல் வாஷிங்டன் டீம் கூப்பிட, வந்து 13 ஆட்டம் ஆடிப் பார்த்தார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை, மனசும் ஒத்துழைக்கவில்லை. ஸ்பெயினுக்குப் போய்விட்டார். 1972 ஜூன் 19-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், பேஸ்பாலுக்கு மட்டும் இந்த விலக்கு இருப்பது முரண்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சரிசெய்வது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார். அதே தீர்ப்பின் முன்பகுதியில் பழைய காலத்து ஆட்டக்காரர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் பெயரை ஆசை ஆசையாக அடுக்கியிருக்கிறார். ஆட்டத்தின்மேல் அவ்வளவு பிரியம் வைத்த நீதிபதி, எதிரே நின்ற ஆட்டக்காரனுக்கு ஒன்றும் தர முடியவில்லை.

அதே 1972-ல் வேறு சிலவும் நடந்தன. ஏப்ரல் 1-ஆம் தேதி ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது ஓய்வூதிய நிதிக்குக் கூடுதல் தொகை. பதின்மூன்று நாள், 86 ஆட்டங்கள் ரத்து. அவற்றைத் திரும்ப ஆடவில்லை என்பதால் டீம்கள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை சமமில்லாமல் போய், பாஸ்டன் டீம் அரை ஆட்ட வித்தியாசத்தில் டெட்ராய்ட்டிடம் முதலிடத்தை இழந்தது. பாஸ்டன்காரர்களுக்கு ஆறாத வருத்தம். ஆனால் சங்கம் ஒன்றாக நின்றால் முதலாளிகள் இறங்கிவருவார்கள் என்று ஆட்டக்காரர்கள் கண்ணால் பார்த்தது அந்தப் பதின்மூன்று நாளில்தான். நீதிமன்றத்துக்கு ஒரு முகம்கூட வராத 1970-க்கும் இதற்கும் இடையே இரண்டே வருடம்.

போர்ட்டோ ரிகோ தீவிலிருந்து வந்தவர் ராபர்டோ கிளெமென்டே. பிட்ஸ்பர்க் டீம். 1971 வேர்ல்ட் சீரிஸில் அவர்தான் நாயகன். வென்ற கையோடு தொலைக்காட்சி கேமரா முன் நின்று, ஆங்கிலத்துக்கு முன்னால் ஸ்பானிய மொழியில் தன் தாய் தந்தையிடம் ஆசி கேட்டார். 1972 செப்டம்பர் 30-ல் தன் 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். டிசம்பர் 23-ல் நிகராகுவாவில் நிலநடுக்கம். மனாகுவா நகரம் இடிந்தது. அவர் திரட்டி அனுப்பிய நிவாரணப் பொருள்கள் அங்கே அதிகாரத்தில் இருந்தவர்களின் கையில் சிக்குகின்றன என்று தெரிந்ததும், நானே கூடப் போகிறேன், என் முகத்துக்கு முன்னால் எடுக்க மாட்டார்கள் என்று கிளம்பினார். ஆண்டின் கடைசி நாள் இரவு, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றிய பழைய விமானம் சான் ஹுவானிலிருந்து கிளம்பியதுமே கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. அவர் கணக்கு 3,000 ஹிட்டில் நின்றுவிட்டது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில்தான் ஜாக்கி ராபின்சனும் போனார். சாவதற்கு ஒன்பது நாள் முன்பு வேர்ல்ட் சீரிஸ் மைதானத்தில் அவரை மேடையேற்றிப் பாராட்டினார்கள். நன்றி சொன்ன கையோடு, ஒரு கறுப்பின மேனேஜரை இந்த ஆட்டத்தில் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கினார். அவருக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. 1975 ஏப்ரல் 8-ல் கிளீவ்லாந்து டீமின் மேனேஜராக ஃபிராங்க் ராபின்சன் களத்துக்கு வந்தபோது, முதல் பந்தை எறிந்து தொடங்கிவைத்தவர் ஜாக்கியின் மனைவி ரேச்சல். மேனேஜராக இருந்துகொண்டே மட்டையும் பிடித்த ஃபிராங்க், தன் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன் அடித்தார்.

இனி ஹேங்க் ஆரன். இவரிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

பேப் ரூத் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 714 ஹோம் ரன். 1935-ல் அவர் ஆட்டத்தை விட்டபின் அந்த எண்ணைக் கோயில் கல்வெட்டு மாதிரி வைத்திருந்தார்கள். 1973 சீசன் முடியும்போது அட்லாண்டா டீமின் ஆரன் 713-ல் நிற்கிறார். முந்துவதற்கு இன்னும் இரண்டு. அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்த கறுப்பர் அவர். பதினெட்டு வயதில், கறுப்பர்கள் மட்டும் ஆடிய இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் டீமில் இருந்தபோது நடந்ததை அவர் சொல்லியிருக்கிறார். வாஷிங்டனில் ஒரு ஓட்டலில் காலை உணவு சாப்பிட்டு முடித்தார்கள். உள்ளே சமையலறையிலிருந்து சத்தம். அவர்கள் சாப்பிட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். நாய் நக்கியிருந்தால் கழுவி வைத்திருப்பார்களே என்று அப்போது நினைத்தாராம். இந்த அரங்கத்தில் இருக்கும் யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மனிதர் ரூத்தின் எண்ணைத் தொடப்போகிறார் என்றதும் கடிதங்கள் வரத் தொடங்கின. 1973-ல் மட்டும் ஏறத்தாழ 9,30,000 கடிதங்கள். பிரித்துப் படிக்கவே தனிச் செயலாளர் வேண்டியிருந்தது. வாழ்த்து நிறைய. ஆனால் கொல்வோம், குழந்தைகளைக் கடத்துவோம், இன்ன ஊரில் இன்ன ஆட்டத்தில் சுடுவோம் என்று எழுதியவையும் கட்டுக்கட்டாக. அட்லாண்டா போலீஸ்காரர் ஒருவர், பைனாகுலர் உறையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்திருப்பார். ஓட்டலில் வேறு பெயரில் அறை எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் பாதுகாப்புப் போட வேண்டும். ஒரு பந்தை வேலிக்கு மேல் அடிக்கப்போகிறார் என்பதற்காக இவ்வளவும்.

1974 ஏப்ரல் 4, சின்சினாட்டி. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு அன்றோடு ஆறு ஆண்டு. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்று ஆரன் கேட்டார். கொடுக்கவில்லை. சீசனின் தன் முதல் மட்டை வீச்சிலேயே 714 அடித்தார். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 8 இரவு, அட்லாண்டா. 53,775 பேர். நான்காவது இன்னிங்ஸ். எதிரே ஆல் டவுனிங். பந்து இடப்பக்க வேலியைத் தாண்டியது. 715. ஆரன் முனைகளைச் சுற்றி ஓடுகிறார். எங்கிருந்தோ இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் குதித்து அவர் பக்கத்தில் ஓடிவந்து முதுகைத் தட்டுகிறார்கள். இன்றும் அந்தப் படச்சுருளைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மேலே துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த அந்தப் போலீஸ்காரருக்கு அந்த இரண்டு விநாடி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடி முடித்ததும் தாய் எஸ்டெல்லா மகனைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. பாசம் என்று உலகம் நினைத்தது. சுட்டால் என்மேலும் படட்டும் என்றுதான் அந்தத் தாய் இறுக்கிப் பிடித்திருந்தார். ஆரன் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடவில்லை. மறக்கக் கூடாது என்று கடைசிவரை வைத்திருந்தார்.

மறுபடி நம் வரிக்கு வருவோம்.

நீதிமன்றத்தில் கதவு மூடியது. ஆனால் மில்லர் அதற்கு முன்பே இன்னொரு கதவுக்குச் சாவி செய்துவைத்திருந்தார். சங்கமும் முதலாளிகளும் போட்ட 1970 ஒப்பந்தத்தில் ஒரு சிறிய மாற்றம்: ஆட்டக்காரரின் குறையை இனிக் கமிஷனர் தீர்க்கக் கூடாது, இரு தரப்புக்கும் பொதுவான மத்தியஸ்தர் தீர்ப்பார். முதலாளிகள் நியமித்து முதலாளிகள் சம்பளம் கொடுக்கிற கமிஷனரே நீதிபதியாகவும் இருந்த நிலை போயிற்று. தொழிற்சங்கம் நடத்திய யாருக்கும் இதன் மதிப்பு தெரியும். அடுத்து 1973 ஒப்பந்தத்தில், பத்தாண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டை ஒரே டீமில் கழித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்று ஒரு விதி வந்தது. ஃப்ளட் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். அவர் அப்போது ஆட்டத்தில் இல்லை.

1974-ல் ஓக்லாந்து டீமின் பிட்சர் ஜிம் ஹண்டர் வழக்கு. ‘கேட்ஃபிஷ்’ என்று அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரையே டீம் முதலாளி சார்லஸ் ஃபின்லிதான் விளம்பரத்துக்காகச் சூட்டினார். சம்பளத்தில் பாதியான 50,000 டாலரைக் காப்பீட்டு ஆண்டுத்தொகையில் போட வேண்டும் என்று ஒப்பந்தம், ஃபின்லி போடவில்லை. ஒப்பந்தத்தை மீறியது முதலாளி, ஆகவே ஹண்டர் விடுதலை என்றார் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ். வடக்கு கரோலினாவில் ஒரு சிற்றூர் வக்கீல் அலுவலகத்துக்கு டீம்காரர்கள் வரிசையாக வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டு 1,00,000 டாலர் சம்பளம் பேசியிருந்தவர், டிசம்பர் 31-ல் நியூயார்க் யாங்கீஸோடு ஐந்தாண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டார். ஒரு பிட்சரின் உண்மையான விலை என்ன என்று எல்லா ஆட்டக்காரர்களும் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது மிச்சம் அந்த ஒரு சொல். ஓராண்டு.

லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் டீமின் பிட்சர் ஆண்டி மெசர்ஸ்மித், தன்னை வேறு டீமுக்கு மாற்றக் கூடாது என்று எழுதித் தரச் சொன்னார். டீம் மறுத்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. டீம் 10-அ பிரிவின்படி ஓராண்டுக்குப் புதுப்பித்தது. 1975 முழுக்கக் கையெழுத்து இல்லாமலேயே ஆடினார். 19 ஆட்டங்களை வென்று கொடுத்தார். ஆண்டு முடிந்ததும், ஓராண்டு முடிந்தது, நான் போகலாம் அல்லவா என்று கேட்டார். அவரோடு மனுவில் இன்னொரு பெயரும் இருந்தது: மான்ட்ரியல் டீமின் டேவ் மெக்னாலி. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மனுவை விசாரித்தது மூன்று பேர் மத்தியஸ்தக் குழு. சங்கத்துக்கு மில்லர், முதலாளிகளுக்கு ஜான் கேஹெரின், நடுவில் சைட்ஸ். நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சைட்ஸ் இரு தரப்பையும் கேட்டுப் பார்த்தார். முதலாளிகள் மசியவில்லை. 1975 டிசம்பர் 23-ல் தீர்ப்பு. ஓராண்டு என்று எழுதியிருந்தால் அது ஓராண்டுதான்; புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இருவரும் விடுதலை. ஃப்ளட் கடிதம் எழுதி ஆறு ஆண்டு நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி.

தீர்ப்பு வந்த உடனேயே முதலாளிகள் சைட்ஸைப் பதவியிலிருந்து நீக்கும் கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கும் தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். 1976 வசந்தத்தில் பயிற்சி முகாம்களைப் பூட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பேச உட்கார்ந்தார்கள்.

இந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த ஃபின்லி, எல்லா ஆட்டக்காரர்களையும் ஆண்டுதோறும் விடுவித்துவிடுங்கள் என்று சக முதலாளிகளிடம் சொன்னார். கேட்க நல்லதாக இருக்கும். மில்லர் பயந்தது அதற்குத்தான். சந்தைக்கு நெல் மொத்தமும் ஒரே நாளில் வந்தால் விலை என்ன ஆகும்? முதலாளிகள் ஃபின்லியைக் கேட்கவில்லை. ஆறு ஆண்டு ஆடியவருக்கு மட்டுமே விடுதலை என்று கேட்டார்கள், மில்லர் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்குக் கொஞ்சம் பேர்தான் வெளியே வருவார்கள், அவர்களுக்குப் போட்டி இருக்கும், விலை ஏறும். நாற்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்த நான், இதைவிடக் கூர்மையான விட்டுக்கொடுப்பைப் பார்த்ததில்லை.

1970-ல் சராசரிச் சம்பளம் சுமார் 29,000 டாலர். 1979-ல் 1,13,000 டாலருக்கு மேல். ஆட்டமே அழிந்துவிடும் என்று முதலாளிகள் நீதிமன்றம் நீதிமன்றமாகச் சொன்னார்கள். 1970-ல் மைதானங்களுக்கு வந்தவர்கள் 2 கோடியே 87 லட்சம். 1979-ல் 4 கோடியே 35 லட்சம். இடையில் இரண்டு புது டீம்களும் சேர்ந்தன என்பதைக் கழித்துக்கொண்டாலும் இது அழிவின் கணக்கு இல்லை. 1977 அக்டோபர் 18 இரவு, யாங்கீஸுக்கு விடுதலை ஒப்பந்தத்தில் வந்த ரெஜி ஜாக்சன், மூன்று பிட்சர்கள் எறிந்த மூன்று முதல் பந்துகளையும் அடுத்தடுத்து வேலிக்கு மேல் அனுப்பி வேர்ல்ட் சீரிஸை முடித்தார். யாருக்கும் அன்று அவருடைய சம்பளம் நினைவுக்கு வந்திருக்காது.

விசுவாசம் போய்விட்டது என்று ஒரு குற்றச்சாட்டு இன்றுவரை உண்டு. காசுக்காக ஆட்டக்காரர்கள் ஊர் மாறுகிறார்கள் என்பார்கள். ஃப்ளட் கடைசியாக ஆடிய அந்த வாஷிங்டன் டீமுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அதே 1971 சீசன் முடிந்ததும் முதலாளி டீமையே தூக்கிக்கொண்டு டெக்சஸுக்குப் போய்விட்டார். தலைநகரத்து ரசிகர்களை யாரும் கேட்கவில்லை.

இனி மெக்னாலி.

பால்டிமோர் டீமில் தொடர்ந்து நான்கு ஆண்டு, ஆண்டுக்கு இருபது ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்ற பிட்சர். 1970 வேர்ல்ட் சீரிஸில், மூன்று முனைகளிலும் ஆள் நிற்க, ஹோம் ரன் அடித்தார். பிட்சர் ஒருவர் வேர்ல்ட் சீரிஸில் அப்படி அடித்தது அது ஒன்றுதான். பிறகு மான்ட்ரியலுக்கு மாற்றப்பட்டார். அங்கே சொன்ன வாக்கைக் காப்பாற்றவில்லை என்று அவருக்கு மனக்குறை. கையெழுத்துப் போடாமலேயே ஆடினார். தோள் வலி. 1975 ஜூனில், இனி என் பந்தில் ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிட்டு, சீசன் நடுவில் மொன்டானா மாநிலத்தில் தன் சொந்த ஊரான பில்லிங்ஸுக்குத் திரும்பிவிட்டார். மறுபடி ஆடும் எண்ணம் இல்லை. மெசர்ஸ்மித்தை டாட்ஜர்ஸ் பணம் கொடுத்து வளைத்துவிட்டால் மனுவே செத்துவிடும் என்பதால், உங்கள் பெயரையும் போட்டுக்கொள்ளட்டுமா என்று மில்லர் போனில் கேட்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

விசாரணைக்குக் கொஞ்சம் முன்னால் மான்ட்ரியல் டீமின் தலைவர் ஜான் மெக்ஹேல் பில்லிங்ஸில் வந்து நின்றார். ஏதோ இந்தப் பக்கம் வந்தேன் என்றார். பில்லிங்ஸ் யாரும் போகிற வழியில் தற்செயலாக எட்டிப் பார்க்கிற ஊர் அல்ல. 1976-க்கு 1,25,000 டாலர் சம்பளம் என்றார். பயிற்சி முகாமுக்கு வந்து பார்த்து, முடியவில்லை என்று திரும்பினாலும் பரவாயில்லை. கையெழுத்துக்கு மட்டும் 25,000 டாலர், அது உங்களுக்கே என்றார். முதலாளிகளுக்குத் தேவைப்பட்டது அந்தக் கையெழுத்துதான். மெக்னாலிக்குத் தீர்ப்பால் ஒரு காசு வரப்போவதில்லை. தோள் போய்விட்டது. எந்த டீமும் அவரைத் தேடி வரப்போவதில்லை.

ஆடும் எண்ணம் இல்லாதபோது அந்தப் பணத்தை வாங்குவது நேர்மையாக இருக்காது என்று சொல்லி மெக்ஹேலை அனுப்பிவைத்தார். 1976 ஏப்ரலில் சீசன் தொடங்கியபோது, மூன்று ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒப்பந்தத்தோடு மெசர்ஸ்மித் அட்லாண்டாவுக்குப் போனார். மெக்னாலி பில்லிங்ஸில், சகோதரருடன் சேர்ந்து கார் விற்றுக்கொண்டிருந்தார்.